பயிற்சி மட்டும் போதாது, பணியிடமும் வேண்டும்

(கிளிநொச்சியில் உழவர்களும் பல்துறை உத்தியோகத்தர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



இந்த மேடையில் நாம் அரசாங்கத்தின் மீது குற்றப்பத்திரம் வாசிப்போம் என்று எதிர்பார்த்து உங்களிற் பலர் வந்திருப்பீர்கள். வாசிக்கத்தான் போகிறோம். ஆனால், தன் கை தூய்மையில்லாதவன் மன்றிலே நின்று நீதி கேட்கலாகாது என்பது நாம் கற்ற சட்டத்தொழிலின் பழைய நெறி. ஆகவே, முதற்கண் எமது கையிலுள்ள கறையைச் சொல்லிவிட்டே வழக்கைத் தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எமது கந்தோருக்கு எழுதுவினைஞர் ஒருவர் தேவை என்று அறிவித்திருந்தோம். எமது கந்தோர் அப்போது மாடியில் இருந்தது. பத்தொன்பது படிகள். ஒரு நாட் காலையில் இளைஞர் ஒருவர் அந்தப் படிகளில் ஏறி வந்தார். 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பன்னிரண்டு வயதில், ஷெல் வீழ்ந்து இடது முழங்காலுக்குக் கீழே இழந்தவர். செயற்கைக் காலோடு வந்து, கையிலிருந்த கோவையை மேசையில் வைத்தார். கணினிப் பயிற்சியும், தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சுப் பயிற்சியும் பெற்றவர் என்றார். நாம் கோவையைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தோம். “தம்பி, அறிவிக்கிறோம்” என்றோம். “சரி ஐயா” என்று கூறி இறங்கிப் போனார். நாம் அறிவிக்கவில்லை.

அன்று நாம் செய்தது கொடுமை என்று எமக்குத் தோன்றவில்லை; இரக்கம் என்றே தோன்றியது. இந்தப் பிள்ளை நாள்தோறும் இத்தனை படி எப்படி ஏறுவான் என்று இரங்கினோம். அவர் ஏறி வந்து எம் முன்னே நின்ற பின்புதான் அவரால் ஏற முடியாதே என்று இரங்கினோம்! பிறருக்காக மன்றில் சமத்துவம் பேசும் நாமே நமது வாசலில் அதனை மறுத்தோம். இந்தக் கறையை ஒப்புக்கொண்டு மேலே பேசுகிறோம்.

தடை எங்கே இருக்கிறது?

வேலை தேடுவோரிற் சிலருக்கு மட்டும் வழியிலே மதில் எழுந்து நிற்கிறது. கை கால் இழந்தவர், கண் பார்வை குன்றியவர், செவிப்புலன் அற்றவர், மனநோயிலிருந்து மீண்டு வருபவர் என்போர் ஒரு பகுதியினர். போருக்குப் பின் புனர்வாழ்வு முகாம்களிலிருந்து வெளியேறியோர் 11,000 இற்கு மேற்பட்டவர்கள். கணவனை இழந்தோ, காணாமற்போனவரைத் தேடிக்கொண்டோ குடும்பச் சுமையைத் தனித்துச் சுமக்கும் தாய்மார் இன்னொரு பகுதியினர். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை எழுதாமலே வயது கடந்துவிட்டோர் வேறொரு பகுதியினர்.

இவர்களெல்லாம் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் என்று எவரும் கருதவேண்டாம். 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, இந்நாட்டில் 5 வயதும் அதற்கு மேலும் உள்ளோரிற் சுமார் 16 இலட்சம் பேர், அதாவது 8.7 வீதத்தினர், பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவுகொள்ளல் முதலியவற்றுள் ஏதேனும் ஒன்றிலாவது இடர்ப்படுபவர்கள். போர் நடந்த மண்ணிலே இக்கணக்கின் பொருள் என்ன என்பதை உங்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. உங்கள் ஒழுங்கையிலுள்ள வீடுகளை மனத்தில் எண்ணிப் பாருங்கள், போதும்.

இவர்களுக்கு வேலை ஏன் கிடைக்கவில்லை? “அவர்களால் இயலாது” என்பது நாம் எளிதிற் கூறும் விடை. அந்த விடையைக் குறுக்கு விசாரணை செய்து பார்ப்போம். எமது கந்தோருக்கு வந்த இளைஞரால் தட்டச்சு இயலும், எழுத இயலும், படியேறவும் இயன்றது. இயலாமை எங்கே இருந்தது? எமது மனத்தில் இருந்தது. பஸ்ஸின் படி உயரமாக இருப்பது பயணியின் குற்றமன்று. விண்ணப்பப் படிவம் அவர் அறியாத மொழியில் வருவது விண்ணப்பதாரியின் குற்றமன்று. காலை எட்டு மணிக்கு முன்பே வேலைக்கு வந்துவிட வேண்டும் என்ற விதி, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு வரவேண்டிய தாயை வெளியே தள்ளுமானால், அந்தத் தாய் சோம்பேறியென்று பொருளாகுமா? தடையிற் பாதி உடலிலோ வாழ்விலோ இருக்கலாம். மறு பாதியை வேலைத்தலமும் வீதியும் சட்டமும் சேர்ந்து கட்டியிருக்கின்றன. நாம் கட்டியதை நாமே இடிக்கலாம்.

நான்கு சான்றிதழ்கள்

பயிற்சி தரவில்லையா என்று கேட்பார்கள். தந்தார்கள், மறுக்கவில்லை. போர் ஓய்ந்த பின் வன்னியிலே பயிற்சி வகுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. அரசாங்கத் திணைக்களங்களும் நடத்தின. தொண்டு நிறுவனங்களும் நடத்தின. தையல் இயந்திரமும் ஆடும் கோழியும் கொடுக்கப்பட்ட வீடுகள் பல.

எம்மிடம் காணி விடயமாக வந்த சகோதரி ஒருவர் தமது பிளாஸ்டிக் உறையிலிருந்து உறுதியை எடுக்கும்போது நான்கு சான்றிதழ்களும் கூடவே வெளியே வந்தன. தையல், கேக் செய்தல், மணப்பெண் அலங்காரம், அடிப்படைக் கணினி. “இத்தனை கற்றிருக்கிறீர்களே, பிள்ளை, எதிலே வேலை செய்கிறீர்கள்?” என்று கேட்டோம். “வெங்காயம் பிடுங்கப் போறனான் ஐயா” என்றார். நான்கு வகுப்புகளிலும் அவர் ஒழுங்காகவே கற்றிருந்தார். ஆனால், அவர் கிராமத்திலே அதே வகுப்பில் தையல் கற்றவர்கள் இருபது பேர். தைக்கக் கொடுப்பவர்கள் இரண்டு பேர். எந்த வகுப்பும் தொடங்குமுன், “இதைக் கற்றவரை எவர் வேலைக்கு எடுப்பார்?” என்ற கேள்வியை எவரும் கேட்கவில்லை. வகுப்பு முடிந்தது; புகைப்படம் எடுத்தார்கள்; அறிக்கை எழுதினார்கள்; இருபது பேர் பயன்பெற்றதாகக் கணக்கு முடிந்தது. அந்தச் சகோதரியின் கணக்கு மட்டும் முடியவில்லை.

பயிற்றப்பட்டோர் எத்தனை பேர் என்று எண்ணுவது எளிது. பயிற்சி முடிந்து ஓராண்டின் பின் வேலையில் நிலைத்திருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணுவதே பயனுள்ளது. இந்த இரண்டாவது எண்ணைக் கேட்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும். இந்த உண்மையை உலகம் அறியாததுமன்று. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1955 ஆம் ஆண்டிலேயே தனது 99 ஆம் இலக்க விதப்புரையில், தொழில் வழிகாட்டல், தொழிற்பயிற்சி, வேலையில் அமர்த்தல் ஆகிய மூன்றையும் ஒரே தொடர்ச் செயலாகக் கூறி, வேலையைப் பெறுவது மட்டுமன்றி அதில் நிலைப்பதும் அதன் நோக்கம் என வகுத்தது. அதற்குப் பின் எழுபது ஆண்டுகள் கழிந்தும், நாம் மூன்றில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு மற்ற இரண்டையும் மறந்திருக்கிறோம்.

நாற்றும் தோட்டமும்

உழவர் பெருமக்களே! இதனை உங்களைவிட நன்கு அறிந்தவர் யார்? தோட்டத்தைக் கொத்திப் பண்படுத்தாமல், கிணற்றில் நீர் உண்டோ என்று பாராமல், மிளகாய் நாற்றை மட்டும் மேடை மேடையாக எவராவது போடுவாரா? உரிய நாளில் பிடுங்கி நடாத நாற்று மேடையிலேயே முதிர்ந்துவிடும். அதன்பின் எத்தனை நீர் இறைத்தாலும் அது காய்க்காது. நமது பிள்ளைகளை நாம் அப்படித்தான் பயிற்சி மேடைகளில் முதிர வைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு வகுப்பு முடிய இன்னொரு வகுப்பு. ஒரு சான்றிதழுக்கு மேல் இன்னொரு சான்றிதழ். தோட்டம் மட்டும் கொத்தப்படவில்லை.

ஆகவே முறையை மாற்றவேண்டும். முதலில் வேலைத்தலத்தைத் தேடுக. பின்பு அந்த வேலைக்கு வேண்டியதை, இயன்றவரை அந்த வேலைத்தலத்திலேயே கற்பிக்குக. இது எமது கற்பனை அன்று. ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1990 களில், கடும் மனநோயுற்றவர்களுக்கென இம்முறையை வகுத்தார்கள். நீண்ட காலம் பயிற்றிப் பின்பு வேலை தேடுவதை விட்டு, விரும்புபவரை விரைவில் உண்மையான சம்பளம் தரும் வேலையில் அமர்த்தி, அதன்பின் உடன்நின்று துணைபுரிந்தார்கள். பழைய முறையையும் புதிய முறையையும் ஒப்பிட்டுப் பல நாடுகளில் ஆய்வு செய்தபோது, முதலில் வேலையில் அமர்த்தும் முறையே கூடுதலானோரை வேலையில் சேர்த்தது. மனநோயுற்றவருக்கே இது கைகூடுமாயின், ஒரு கால் இழந்தவருக்குக் கைகூடாதா?

உடன் நிற்பவர்

இம்முறையின் உயிர்நாடி கட்டடமோ இயந்திரமோ அன்று. உடன் நிற்கும் ஓர் ஆள். அவரை வேலைத்துணைவர் என்று அழைப்போம். அவர் செய்யும் பணி யாது? முதலில் வேலை தேடுபவரோடு அமர்ந்து, அவருக்கு எது விருப்பம், எது வல்லமை, எது இடர் என்று கேட்டறிவார். பின்பு அரிசி ஆலை, கூட்டுறவுச் சங்கம், அச்சகம், மருந்துக்கடை, ஆடைத் தொழிற்சாலை என்று வாசல் வாசலாகச் சென்று, அங்கே நடக்கும் வேலைகளைக் கூறு கூறாகப் பிரித்துப் பார்ப்பார். ஆலையிலே மூட்டை தூக்குவது ஒரு வேலை; நிறுப்பது ஒரு வேலை; பையைத் தைத்து மூடுவது ஒரு வேலை; கணக்கெழுதுவது ஒரு வேலை. மூட்டை தூக்க முடியாதவரை ஆலைக்கே தகுதியற்றவர் என்று கழித்துவிடுவது நமது வழக்கம். நிறுக்கவும் எழுதவும் வல்லவர் என்று காண்பது அவரது தொழில்.

வேலை கிடைத்த பின்பும் அவர் விலகிப் போகார். முதற் சில வாரங்கள் அருகிலிருந்து பழக்குவார். முதலாளிக்குள்ள அச்சத்தையும் தொழிலாளிக்குள்ள கூச்சத்தையும் தீர்ப்பார். மூன்று மாதத்தின் பின்னும் ஆறு மாதத்தின் பின்னும் வந்து பார்ப்பார். வேலை பெரும்பாலும் கைநழுவுவது முதல் நாளில் அன்று. பஸ் தவறிய ஒரு நாளில், மேற்பார்வையாளர் கடிந்துரைத்த ஒரு நாளில், “எனக்கு இது சரிவராது” என்று எண்ணி வீட்டில் நின்றுவிடும் அந்த ஒரு நாளில்தான். அந்த நாளிலே வீட்டு வாசலில் வந்து நிற்க ஓர் ஆள் வேண்டும்.

இதற்கெனப் புதிதாக ஒரு படையைத் திரட்டவேண்டியதில்லை. பிரதேச செயலகங்களில் சமூகசேவை உத்தியோகத்தர்களும் மனிதவள உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் படிவம் நிரப்புவதிலிருந்து சற்று விடுவித்து, வேலைத்தலங்களுக்கு அனுப்புங்கள் என்றே கேட்கிறோம்.

இன்னுமொன்றையும் நம்மவர் பலர் அறியார். இந்நாட்டில் தேசிய தொழிற் தகைமை என்னும் ஏழு படிநிலைகள் கொண்ட முறையொன்று உண்டு. வகுப்பறையில் இருந்து கற்றவருக்கு மட்டும் உரியதன்று அது. பாடசாலையை இடையில் விட்டு, மேசன் வேலையிலோ மின்னிணைப்பு வேலையிலோ இயந்திரம் திருத்துவதிலோ பல ஆண்டுகள் கைப்பழக்கம் பெற்றவர், அந்த அனுபவத்தையே சோதனைக்கு உட்படுத்தித் தகைமைச் சான்றிதழ் பெறலாம். முன்னைய கற்றலை ஏற்றல் என்பது அதன் பெயர். இடப்பெயர்வில் பரீட்சையை இழந்த தலைமுறைக்கு இதனினும் ஏற்ற வழி வேறில்லை. ஊர்தோறும் உள்ள ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் இத்தகையோரை அழைத்துச் சென்று விண்ணப்பிக்கச் செய்வார்களாயின், செலவின்றியே பெருந்தொண்டு ஆகும்.

சுற்றறிக்கை சட்டமாகுமா?

இனி அரசாங்கத்தின் மீதான குற்றப்பத்திரத்துக்கு வருகிறோம்.

1988 ஆம் ஆண்டில் பொது நிருவாகச் சுற்றறிக்கை 27/88 வெளியிடப்பட்டது. அரசாங்க சேவையிலே ஏற்படும் வெற்றிடங்களில் 3 வீதத்தை, தகைமையுள்ள மாற்றுவலுவுடையோருக்கு வழங்கவேண்டும் என்பது அதன் சாரம். நல்ல எண்ணம். ஆனால், சுற்றறிக்கை என்பது நிருவாகம் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் கட்டளை. பாராளுமன்றம் இயற்றிய சட்டமன்று. தனியார் நிறுவனத்தை அது தீண்டாது.

சுற்றறிக்கையின் வலிமையைத் தமிழ் உத்தியோகத்தர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தைத் தொடர்ந்து, 1961 டிசெம்பரில் வந்த திறைசேரிச் சுற்றறிக்கை ஒன்று, சிங்களப் பரீட்சையில் தேறாத உத்தியோகத்தரின் சம்பள ஏற்றத்தை நிறுத்தியது. கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராகக் கடமையாற்றிய கோடீஸ்வரன், 1962 இல் தமக்கு மறுக்கப்பட்ட சம்பள ஏற்றத்துக்காக வழக்குத் தொடுத்தார். அரசாங்க ஊழியர் தம் சம்பளத்துக்காக முடியின் மீது வழக்காட முடியாது என்று 1967 இல் உயர் நீதிமன்றம் கூறியது; முடியும் என்று 1969 இல் பிரிவிக் கவுன்சில் தீர்த்தது. எடுத்துக்கொள்வதற்கு வந்த சுற்றறிக்கை உடனே முழு வலிமையோடு இயங்கியதைப் பாருங்கள். கொடுப்பதற்கு வந்த 1988 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையோ, உத்தியோகத்தரின் நல்லெண்ணத்தை எதிர்பார்த்துக் கோவைகளுக்குள் கிடக்கிறது. பறிப்பதற்குச் சுற்றறிக்கை போதும். பெறுவதற்கு மன்றிலே நின்று கேட்கத்தக்க உரிமை வேண்டும். அந்த வழக்கு நமக்குப் புகட்டிய பாடம் அது.

அத்தகைய உரிமை சட்டத்தில் இல்லையா? பாதி இருக்கிறது. மாற்றுவலுவுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், எந்தத் தொழிலுக்கும் ஆட்சேர்ப்புச் செய்யும்போது உடற்குறை காரணமாக எவருக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்று 23 ஆம் பிரிவிற் கூறுகிறது. பாதிக்கப்பட்டவர் மாகாண மேல் நீதிமன்றத்தில் நிவாரணம் கோரலாம் என்கிறது 24 ஆம் பிரிவு. “எந்தத் தொழிலுக்கும்” என்ற சொற்களைக் கவனியுங்கள். எமது கந்தோரும் அதில் அடங்கும். அந்த இளைஞர் அன்று மன்றுக்குப் போயிருந்தால், எதிராளி நாமே.

ஆனால், ஆட்சேர்ப்போடு அப்பிரிவு நின்றுவிடுகிறது. வேலைக்கு எடுத்தபின் மேசையைக் கீழே இறக்கித் தரவேண்டும், எழுத்தை வாசித்துக் காட்டும் கருவி தரவேண்டும், நேரத்தைச் சற்று மாற்றித் தரவேண்டும் என்ற கடமையை அச்சட்டம் வேலைகொள்வோர் மீது சுமத்தவில்லை. அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது. பாரபட்சம் காட்டலாகாத ஏதுக்களாக இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறப்பிடம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அந்த வரிசையில் உடற்குறை இல்லை. மாற்றுவலுவுடையோரின் முன்னேற்றத்துக்குச் சிறப்பேற்பாடு செய்வதற்குத் தடையில்லை என்று மட்டும் 12 ஆம் உறுப்புரையின் 4 ஆம் பந்தி அனுமதிக்கிறது. அனுமதி உண்டு, கட்டளை இல்லை. மாற்றுவலுவுடையோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிசெய்தது. அதன் 27 ஆம் உறுப்புரை, வேலைத்தலத்தில் நியாயமான வசதிகள் செய்து தருவதை உறுதிப்படுத்துமாறு அரசுகளைக் கேட்கிறது. உலகின் முன் ஒப்பமிட்டதை உள்ளூர்ச் சட்டமாக்குங்கள் என்பது நமது முதற் கோரிக்கை.

பிற நாடுகள் என்ன செய்தன? இந்தியா தனது 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசாங்கப் பணியிடங்களில் 4 வீதத்தை ஒதுக்கியது. ஜேர்மனியிலே 20 பேரும் அதற்கு மேற்பட்டோரும் வேலை செய்யும் நிறுவனம், அரசாங்கத்தினதாயினும் தனியாரினதாயினும், 5 வீத இடங்களைக் கடும் உடற்குறையுடையோருக்கு வழங்கவேண்டும். வழங்காவிடின் பணம் கட்டவேண்டும். அப்பணம் அத்தகையோரின் வேலைவாய்ப்புக்கே செலவிடப்படுகிறது. இவை சுற்றறிக்கைகள் அல்ல, சட்டங்கள்.

சொல்லிலும் ஒரு தடை

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம், உடலாலும் உள்ளத்தாலும் குறைவுற்றோரின் புனர்வாழ்வை மாகாண சபைகளின் நிரலில் வைத்தது. அதே நிரலில் இன்னொரு விடயமும் உண்டு: உடற்குறையுடையோருக்கும் வேலைக்கு உதவாதோருக்கும் நிவாரணம் அளித்தல். உடற்குறையுடையோரையும் வேலைக்கு உதவாதோரையும் ஒரே மூச்சிலே சொல்லிய அந்தச் சொற்றொடரை எண்ணிப் பாருங்கள். நிவாரணம் என்னும் சொல் இருக்கிறது. தொழில் என்னும் சொல் இல்லை. தடை முதலிற் சட்டத்தின் மொழியிலேயே கட்டப்பட்டுவிட்டது.

அந்த அதிகாரத்தைக்கூட நாம் முழுமையாகக் கையாளவில்லை. 2013 இல் தெரிவான வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிவடைந்தது. அதன்பின் தேர்தலின்றி ஆண்டுகள் பல உருண்டோடின. கிளிநொச்சியிலே எந்தத் தொழிலுக்கு ஆள் வேண்டும், முல்லைத்தீவிலே எந்தக் கடற்றொழிற் சங்கம் கணக்காளரைத் தேடுகிறது என்பது கொழும்பிலிருந்து பார்ப்போருக்குத் தெரியாது. மண்ணின் தன்மை அறிந்தவனே விதையைத் தெரிய வேண்டும். பயிற்சித் திட்டத்தை வகுக்கும் அதிகாரமும் நிதியும் மக்களுக்கு அண்மையில் இருக்கவேண்டும் என்று நாம் கேட்பது பதவிக்காக அன்று. அந்த நான்கு சான்றிதழ்ச் சகோதரிக்காக.

ஓர் எதிர்வாதம்

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். எழவேண்டியதுதான். “உடல் நலமுள்ள பட்டதாரிகளே வேலையின்றி அலைகிறார்களே, காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் நின்றது, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை அதற்கும் முன்னரே நின்றது. இருக்கும் சில வேலைகளையும் இவர்களுக்குக் கொடுத்தால் எங்கள் பிள்ளைகள் எங்கே போவார்கள்?” என்று பெற்றோர் கேட்பர்.

கேள்வியில் நியாயம் உண்டு. வேலைகள் பெருகவேண்டும், அதற்காகப் போராடுவதை நாம் விடப்போவதில்லை. ஆனால், சோறு குறைவான வீட்டிலே, பந்தியின் கடைசியில் இருக்கும் பிள்ளைக்கு இலையே போடவேண்டாம் என்று எந்தத் தாயாவது சொல்வாளா? குறைவாக இருக்கும்போதுதான் பங்கீட்டின் நீதி சோதிக்கப்படுகிறது. “இவர்களும் எங்கள் பிள்ளைகள்தானே” என்பதைத் தவிர இக்கேள்விக்கு வேறு விடை எமக்குத் தெரியவில்லை. மேலும், வேலையற்ற ஒருவரை வீடு சுமக்கிறது. வேலை பெற்ற அவரே வீட்டைச் சுமக்கிறார். கணக்குப் பார்ப்பவரும் இதனை மறுக்க முடியாது.

நமது பங்கு

அரசாங்கம் செய்யும்வரை நாம் கைகட்டி இருப்பதா? இம்மண்டபத்தில் இருப்போரிற் பலர் வேலை கொடுக்கக்கூடியவர்கள். ஆகவே, உங்களிடம் சிலவற்றைக் கேட்கிறோம்.

உழவர் சங்கங்களே! விதை நெல் சுத்திகரித்தல், நாற்று மேடை பராமரித்தல், பழமும் காய்கறியும் தரம் பிரித்தல், சங்கக் கணக்கெழுதல் ஆகியவற்றில் நின்றபடியோ சுமந்தபடியோ செய்யவேண்டாத வேலைகள் பல உண்டு. ஒவ்வொரு சங்கமும் அவற்றில் ஓர் இடத்தையாவது திறந்துவிடட்டும். கூலி மற்றவருக்குரிய அதே கூலியாக இருக்கட்டும். அரைக் கூலிக்கு வேலை கொடுப்பது உதவியன்று, சுரண்டல்.

வைத்தியர்களே, கணக்காளர்களே, தனியார் கல்வி நிலையம் நடத்தும் ஆசிரியர்களே! உங்கள் வாசலிலே ஒரு சீமெந்துச் சரிவு அமைக்க எத்தனை மூட்டை சீமெந்து வேண்டும் என்று மேசனைக் கேளுங்கள். கைதடி நவீல்ட் பாடசாலை போன்றவற்றில் கற்று வெளியேறும் பிள்ளைகளை அழைத்துப் பேசுங்கள்.

சட்டத்தரணி நண்பர்களே! 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24 ஆம் பிரிவு புத்தகத்திலே உறங்கிக் கொண்டிருக்கிறது. மறுக்கப்பட்டவர் ஒருவர் வந்தால், கட்டணம் பாராது மனுவைத் தயாரிப்போம். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே கால எல்லை என்பதை ஊரூராகச் சொல்வோம். காலங் கடந்தபின் வந்து அழுவோரை நாம் மிகுதியாகக் கண்டுவிட்டோம்.

பெற்றோரே! வீட்டிலிருக்கும் அந்தப் பிள்ளையை விருந்தினர் வரும்போது உள் அறைக்கு அனுப்பாதீர்கள். வேலை தேடும் முதற் படி வீட்டுத் திண்ணையிலேதான் இருக்கிறது.

இறுதியாக, தொடங்கிய கதையை முடித்துவிடுகிறோம். அந்த இளைஞர் படியிறங்கிப் போய் இரண்டு ஆண்டுகளின் பின், நகரத்திலே பஸ் தரிப்பிடத்துக்கு அருகில் லொத்தர் சீட்டு விற்றுக்கொண்டிருக்கக் கண்டோம். லொத்தர் விற்பது இழிவன்று. ஆனால் அவர் கற்றது அதுவன்று. அருகிற் சென்று, தவறு செய்துவிட்டோம் தம்பி என்றோம். அவர் கோபிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: “ஐயா, அன்றைக்கு என்ரை கோவையைத் திறந்து பார்த்தனீங்களோ?”

எத்தனையோ மன்றுகளில் எத்தனையோ கேள்விகளுக்கு விடையிறுத்த எமக்கு, அக்கேள்விக்கு விடை இருக்கவில்லை.

இன்று அவர் எமது கந்தோரிலே வேலை செய்கிறார். அதற்காக நாம் செய்தவை மூன்று: எழுதுவினைஞரின் மேசையைக் கீழ்த்தளத்துக்கு இறக்கினோம், வாசலில் சரிவு அமைத்தோம், அவருடைய பஸ் வரும் நேரத்துக்கேற்ப வேலை நேரத்தை அரை மணி பின்தள்ளினோம். அந்தச் சரிவிலே இன்று பெருமளவில் நடந்து வருபவர் யார் தெரியுமா? காணி வழக்குக்கு வரும் வயோதிபர்கள். இது எமது பெருமையன்று. முதல் நாளே செய்திருக்க வேண்டியதை இரண்டாண்டு தாமதித்துச் செய்தோம். அந்த இரண்டாண்டுச் சம்பளத்தை அவருக்கு இனி எவர் கொடுப்பார்?

உங்கள் வாசலுக்கும் நாளை ஒருவர் கோவையோடு வருவார். அவரது காலையோ கண்ணையோ கடந்த காலத்தையோ பார்க்குமுன், கோவையைத் திறந்து பாருங்கள். அதன்பின் எமது கோரிக்கைகளைப் பற்றிப் பேசுவோம்.